ரோமாபுரியில் நிற்கிற எங்கள் மாரியாத்தா

மகனே,

க்ஷேமம் என்று எழுதித்தான் இதுவரை உனக்கு எல்லாக் கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தடவை அந்தச் சொல் கைக்கு வரவில்லை. உறையின் மேல் சாமியார்கள் உனக்கு வைத்த பெயரை எழுதியிருக்கிறேன், இல்லாவிட்டால் தபால் வந்து சேராது. உள்ளே நான் வைத்த பெயரை எழுதலாம் என்று பேனாவைத் தொட்டேன். என் அப்பாவின் பெயர் அது. இந்தக் கடிதத்தின் தலையில் அதைப் போட மனசு ஒப்பவில்லை, வெறும் மகனே என்று விட்டுவிட்டேன்.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலில், லயத்து வீட்டு ஜனங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, இதைச் சத்தம் போட்டு வாசித்துவிட்டுத்தான் பசறைத் தபால் கந்தோரில் சேர்க்கப்போகிறேன். உனக்குத் தெரிந்த சங்கதியையே இவர் ஏன் விரித்து எழுதுகிறார் என்று நினைக்காதே. கேட்கிறவர்களில் நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும். நீ ஏமாற்றியது என் ஒருவனை என்றால் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

ஒன்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீ கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததைப் பற்றி இது ஒரு வார்த்தையும் இல்லை. பதுளையில் சாமியார்களின் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தவன் நான். அங்கே படித்து வளர்ந்த நீ ஒருநாள் பசறைக்கு வந்து, கடையில் நான் அரிசி அளந்துகொண்டிருந்தபோது எதிரே நின்று, ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் அப்பா என்றாய். படியைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தவில்லை நீ. அன்று எனக்கு வருத்தம் இருந்தது நிஜம். ஆனால் மகன் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான், ஒளிக்கவில்லை என்று ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து, பெற்ற மகனையே பறிகொடுத்துவிட்டாயே என்று துக்கம் விசாரித்தபோது, அவன் பொய் சொல்லாதவன், எந்தக் கோயிலுக்குப் போனாலும் நன்றாயிருப்பான் என்று வாயை அடைத்தேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நீ ரோமாபுரிக்குப் போனபின் எழுதிய கடிதங்கள் எங்கள் கடைக்கு ஒரு திருவிழா. தபால் வந்த சேதி எப்படித்தான் மலையேறுமோ, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து சாமான் எடுக்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். பாப்பரசரின் மாளிகையைச் சேர்ந்த அந்த நூதனசாலையில் நீ பார்த்த ஒவ்வொரு கூடமாக எழுதியிருப்பாய். நானூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் திராட்சைத் தோட்டத்தில் மண்ணை வெட்டியபோது ஒரு சிலை கிளம்பியதாம், அந்தக் காலத்துப் பாப்பரசர் அதை வாங்கித் தன் முற்றத்தில் நிறுத்தினாராம், அதிலிருந்துதான் இவ்வளவு பெரிய சாலையும் வளர்ந்ததாம். என்ன சிலை? நடுவில் ஒரு தகப்பன், இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள், மூன்று பேரையும் சுற்றி நெரிக்கிற பாம்புகள். தகப்பனின் வாய் திறந்திருக்கிறது, ஆனால் கத்துகிறானா பெருமூச்சு விடுகிறானா என்று தெரியாது அப்பா என்று எழுதினாய். அவன் வலது கை உடைந்து காணாமல் போய், எங்கள் காலத்தில்தான் அதே ஊரில் ஒரு கல்தச்சன் பட்டறையில் கிடைத்தது என்றும் எழுதினாய். உடைந்து போன கையை இத்தனை காலம் கழித்தும் தேடி எடுக்கிறார்களே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டோம்.

இன்னொரு கூடத்தில் தலை இல்லாத, கை இல்லாத, முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒரு உடம்பு. அதன் முன்னால் உலகத்துச் சிற்பிகளெல்லாம் வாயடைத்து நிற்பார்களாம். அதை வாசித்தபோது கொழுந்தெடுக்கிற ராக்காயி, பின்னமானதைப் போய் யாராவது வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அவர்களுக்கு அது சாமி இல்லை, வேலைப்பாடு, அதனால் தோஷமில்லை என்று உனக்காக நான் வக்காலத்து வாங்கினேன். சுவர் நெடுக இத்தாலி தேசத்தை வரைந்து, கூரையெல்லாம் பொன் பூசிய நீளமான நடையைப் பற்றி எழுதினாய். வித்துவான்கள் எல்லோரும் கூடி நிற்கிற ஓவியத்தில் நடுவில் இருக்கும் இருவரில் ஒருவர் மேலே காட்டுகிறார், ஒருவர் கையைத் தரைப்பக்கம் நீட்டுகிறார் என்று எழுதினாய். பிறகு அந்தக் கோயில் கூரை. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்ததாகவும், அங்கே கடவுளின் விரலும் முதல் மனுஷனின் விரலும் தொட்டும் தொடாமலும் நிற்பதாகவும், அந்த இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது என்றும் எழுதினாய். அன்றைக்குக் கடையில் எல்லோரும் ஆளுக்கொரு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டோம். கருவாடு நிறுக்க வந்த ராக்காயி கருவாட்டை வாங்காமலே போய்விட்டாள்.

எகிப்து தேசத்துக் கூடத்தில் துணி சுற்றிய பிணங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பதாக நீ எழுதியதை மட்டும் எனக்குச் சகிக்க முடியவில்லை. செத்தவளை ஏன் தம்பி அப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள், அவளுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று பதில் எழுதினேன். நீ மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், அதற்கு எழுதவில்லை. கடிதம் நீளமாகிவிட்டதால் விட்டிருப்பாய் என்று இருந்துவிட்டேன். ஒரு முற்றத்தில் வெண்கலத்தில் வார்த்த ஊசியிலை மரத்துக் காய் ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, அதன் இரு பக்கமும் இரண்டு வெண்கல மயில்கள் என்று எழுதினாய். மயில் என்றதும் கந்தன் அங்கேயும் போய்விட்டாரா என்று கடையில் ஒரே சிரிப்பு. அதற்கு அடுத்த வரியில், இந்த முற்றத்தில் வேறு விசேஷம் ஒன்றுமில்லை அப்பா என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

இனி நம்முடைய ஆத்தாவைப் பற்றி. உன் தாத்தா திருச்சிப் பக்கத்து ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, ராமேஸ்வரம் கடல் தாண்டி, காட்டு வழி நடந்து இந்த மலைக்கு வந்தவர். வழியில் பேதி வந்து கூட வந்தவர்கள் விழுந்தபோதும் அந்த மண் முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. கங்காணியானதும் தோட்டத்து மேட்டில் அந்த மண்ணை வைத்து, மேலே பலாமரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு மாரியாத்தாளைச் செதுக்கி நிறுத்தினார். அதனால்தான் அவளைத் தூக்குகிற உரிமை நம் வீட்டுக்கு. நீ நாலு வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது உன் அம்மா வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, உன் பக்கத்தைவிட்டு அசையாமல் இருந்தாள். கண்ணிமைக்குள்ளும் முத்து போட்டிருந்தது உனக்கு. அவள் அண்ணன் ஊரிலிருந்து சீராகக் கொண்டுவந்த அரக்குப் பட்டு ஒன்று, தாமரைக் கரை போட்டது, கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாள். பிள்ளை பிழைத்தால் இது உனக்குத்தான் ஆத்தா என்று முந்தானை மூலையில் மஞ்சளைத் தடவி எடுத்து வைத்தாள். நீ பிழைத்தாய். அடுத்த திருவிழாவுக்குச் சாத்தலாம் என்று இருந்தவள், அதற்குள் பிரசவத்தில் போய்விட்டாள். எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கத் தைரியம் வரப் பல வருஷம் ஆயிற்று.

பிறகு ஒரு திருவிழாவில், மழையில் சறுக்குகிற பாதையில் ஆத்தாளைத் தூக்கி வந்தவர்கள் கால் தவறி, அவள் கை பாறையில் இடித்து வலது கைச் சுட்டுவிரல் ஒடிந்தது. நீ அப்போது ரோமாபுரிக்குப் புறப்படுவதற்காக விடை பெற வந்து வீட்டில் இருந்தாய், ஆகவே எல்லாம் உன் கண் முன்னால் நடந்தது. பின்னமான சாமியைப் பூஜையில் வைக்கக் கூடாது. ஆசாரி புது அம்மனைச் செதுக்கினார். பூசாரி வேலாயுதம் பழைய ஆத்தாவின் சக்தியைக் கும்பத்துத் தண்ணீரில் இறக்கிப் புதிய ஆத்தாவுக்கு ஏற்றினார். மிஞ்சியது உடம்பு. உடம்பை என்ன செய்வது? மனுஷருக்கு நெருப்பு, ஆத்தாளுக்குத் தண்ணீர். ஓயா என்கிற நம் மலையாற்றுக்கு எடுத்துப்போய் மடுவில் விட்டு, தோட்டமே தலை முழுகி, பதினாறாம் நாள் காரியம் செய்வது நம் வழக்கம். அன்றைக்குத்தான் உன் அம்மாவின் பெட்டியைத் திறந்து அந்தப் பட்டை எடுத்து ஆத்தாளுக்குக் கட்டினேன். கடைசிப் பயணத்திலாவது நேர்ச்சை தீரட்டும் என்று.

எனக்கு அப்போது மலைக்காய்ச்சல், நிற்க முடியவில்லை. ஆகவே தூக்க வேண்டியவன் நீ. வேதத்தில் சேர்ந்தவன் தொடக்கூடாது, சித்தப்பா மகன் தூக்கட்டும் என்று பூசாரி மறுத்தார். உண்மையில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. “அவன் என் மகன்யா. சாமி வேற ஆயிருச்சே தவிர வாக்கு மாறல. நான் பொறுப்பு” என்று நான் சொன்னேன். எத்தனை பேர் முன்னால் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பூசாரி ஒதுங்கி வழிவிட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு நானும் ஓயாக்கரைக்கு வந்தேன். கரையில் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும், ஆத்தா முகம் தண்ணீருக்குள் போவதை யாரும் பார்க்கக் கூடாது, தூக்குகிறவன் மட்டும் மடுவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் திரும்பி நின்றோம். தொபுக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நீ தலையோடு நனைந்து மேலே வந்து, விட்டுட்டேன் அப்பா என்றாய். உன் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், உன் அம்மாவே போன மாதிரி இருந்தது எனக்கு. நீயும் அழுதாய். அந்த அழுகை எதற்கு என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஒடிந்த விரலைப் பூசாரி மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்திருந்தார், ஆத்தாளின் கையோடு சேர்த்துக் கட்டி விடுவதற்காக. காய்ச்சல் மயக்கத்தில் அது டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நீ கப்பலேறிய பிறகுதான் கண்டுபிடித்தேன். என்ன செய்வது என்று உனக்கு எழுதினேன். வழக்கமாக ஒரு மாதம் இழுக்கிற நீ, அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அடுத்த கப்பலிலேயே பதில் போட்டாய். பத்திரமாக வையுங்கள் அப்பா, ஆற்றில் போட்டுவிடாதீர்கள் என்றாய். பார்த்தீர்களா, மதம் மாறினாலும் ஆத்தா மேல் இருக்கிற பாசம் போகவில்லை என்று பூசாரியிடமே போய்ச் சொன்னேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த ஊவா மாகாணத்தில் உண்டா?

மூன்று மாதத்துக்கு முன்னால் சவரிமுத்து வந்தார். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கிற, உன் கோயில்காரரான அதே சவரிமுத்து. ஜூபிலி என்கிற புனித வருஷத்துக்கு ரோமாபுரி யாத்திரை போய்த் திரும்பியவர், உன்னைப் பார்த்த சேதி சொல்ல நேரே பசறைக்கு வந்துவிட்டார். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். பாம்பு சுற்றிய தகப்பனையும், தலையில்லாத உடம்பையும், விரல் தொடாத கூரையையும் நீ கூடவே வந்து காட்டினாயாம். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன், உன் கடிதங்களின் புண்ணியத்தில் எனக்கு அந்தச் சாலையில் வழிகூடத் தெரியும். அப்போதுதான் அவர் கள்ளமில்லாமல் ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் விடுங்க. அந்த மயில் நிக்கிற முத்தத்துல புதுசு புதுசா கட்டடம் போட்டு, ஒலகத்துல எங்கெங்க சாமிமாருங்க வேல செய்றாங்களோ அங்கேருந்தெல்லாம் சாமான் கொண்டாந்து வச்சிருக்காங்க. அதுல நம்ம மாரியாத்தா நிக்கிறா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள.”

“எந்த மாரியாத்தா?” என்று கேட்டேன்.

“நம்ம பக்கத்து ஆத்தாதான். ஊவாத் தோட்டம்னு எழுதியிருக்காம், ஒருத்தர் வாசிச்சுச் சொன்னாரு. ஒரு வெரல் இல்ல. ஆனா என்ன பட்டுங்கிறீங்க! அரக்கு, தாமரக் கரை. நான் துணி யாவாரி, கரையத்தான் மொதல்ல பாப்பேன். முந்தான மூலையில மஞ்சத் தடவுனதுகூட அப்பிடியே இருக்கு. பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அண்ணாச்சி, நம்ம ஊரு பொருளுக்கு இவ்வளவு மரியாதையான்னு.”

நான் சீனியைக் கட்டிக் கொடுத்தேன். சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்து, சரியாகத்தான் கட்டினேன். என் மகனும் உங்களோடு அந்தக் கட்டடத்துக்குள் வந்தானா என்று மட்டும் கேட்டேன். நீ வரவில்லையாம். தலைவலி என்று சொல்லிவிட்டு அந்த வெண்கலக் காய் பக்கத்திலேயே நின்றுகொண்டாயாம். பாவம் தம்பிக்கு அங்கத்துக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல, கஷாயம் ஏதாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த நல்ல மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். நீ அதற்கும் மேலே. ஒரு மாளிகையையே அறை அறையாகத் திறந்து காட்டி, அந்த ஒரு கதவை மறைத்திருக்கிறாய்.

அன்றிரவே நான் உனக்கு இரண்டே வரியில் எழுதிக் கேட்டேன். நீ எட்டுப் பக்கம் பதில் எழுதியிருக்கிறாய். ஆத்தாளைக் கரையோரத்து ஆளுயர மானாப்புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு, ஒரு கல்லைத்தான் மடுவில் உருட்டியதாக நீயே எழுதியிருக்கிறாய். பிற்பகலில் உன் பள்ளிக்கூடச் சிநேகிதன் சாக்கில் சுற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனானாம். ரோமாபுரிக் கண்காட்சிக்குச் சாமான் சேர்த்த பதுளைச் சாமியார், உன் தகப்பனார் சம்மதித்தாரா என்று கேட்டிருக்கிறார், சந்தோஷமாகக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறாய். ஆக ஒரு பொய் என்னிடம், ஒரு பொய் அவரிடம். அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவராவது கேட்டார். நாங்கள் கேட்கவே இல்லை, திரும்பி நின்றோம். எங்கள் கண்ணை உன்னால் ஏமாற்றியிருக்க முடியாது. எங்கள் முதுகைத்தான் ஏமாற்றினாய்.

நான் அவளைக் காப்பாற்றினேன் அப்பா, ஓயாவில் அழுகிப் போயிருப்பாள், இங்கே ஆயிரம் வருஷம் நிற்பாள், ராஜாக்களும் ராணிகளும் வந்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அழுகட்டும் என்றுதானடா விட்டோம். உன் அம்மாவை நெருப்பில் வைத்தபோது, ஐயோ அழகான முகம் வீணாகிறதே, எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றா நினைத்தோம்? அவரவர்க்குப் போகிற வழி ஒன்று இருக்கிறது. அதில் அனுப்பி வைப்பதுதான் பெற்றவளுக்குப் பிள்ளை செய்கிற மரியாதை. அந்த உடைந்த சிலையும், கை ஒடிந்த தகப்பனும் அங்கே நிற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களை அழுது அனுப்பி வைக்க யாரும் பாக்கியில்லை. இவளுக்கு நாங்கள் இருக்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடித்து வீடு திரும்பியவர்களுக்கு, பிணம் இன்னும் எடுக்கவே இல்லை என்று சேதி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருப்பதைப் பொறுக்க முடியவில்லை. அந்தக் கூடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறவன் நீதானாம், எல்லோரும் விரல் எங்கே என்று கேட்கிறார்களாம், அதைப் பஞ்சில் சுற்றி அனுப்பி வைத்தால் ஒட்டி முழுசாக்கிவிடலாமாம், எனக்குப் பெரிய புண்ணியமாம். பத்திரமாக வையுங்கள் என்று நீ அன்றைக்குப் பாசத்தோடு எழுதியது இதற்குத்தானே? அதற்குக் கீழே, தோட்டத்துக் கோயில்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம் அப்பா, என் குருப்பட்டத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள், உங்கள் ஆசீர்வாதம் வேண்டும் என்று முடித்திருக்கிறாய். பெற்ற மனம் பித்து என்பதை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாய்.

பதுளைக் கோயிலில் உன் பெயரை வாசித்து, இவர் குருப்பட்டம் பெறத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவித்ததாகச் சவரிமுத்து சொன்னார். நான் போய் நிற்கவில்லை. என் வழக்கு அந்தச் சபையில் சொல்கிற வழக்கு இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். நாளைக்கு ஜனங்கள் உன் முன்னால் முழங்காலில் இருந்து, வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் உன் காதில் சொல்லப்போகிறார்கள். அதுவும் முதுகைக் காட்டி நிற்பதுதான். அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதற்காகவே நீ நேராக நடக்க வேண்டும். தகப்பனாக உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான், மிச்சமெல்லாம் உனக்கு லத்தீனில் சொல்லித் தந்திருப்பார்கள்.

நீ சொல்லவேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரையும் கூட்டி, அன்று நான் பொறுப்பு என்று சொன்ன அதே இடத்தில் நின்று சொன்னேன். நம்பியது என் தப்பு என்று நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். மகனை நம்புவது தப்பென்றால் அப்புறம் இந்த உலகத்தில் நம்ப என்ன இருக்கிறது? உன் தாத்தா காலத்திலிருந்து நம் வீட்டில் இருக்கிற கோயில் சாவியை மட்டும் பூசாரி முன்னால் வைத்தேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். ராக்காயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பூசாரி வேலாயுதம், அன்றைக்கு என்னால் வாயடைக்கப்பட்ட அந்த மனுஷர், அப்போதும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை.

“வெரலு இருக்குங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

“அப்ப போதுங்க. சீமையில செத்தவனுக்கு ஒடம்பு வருதா? ஒரு எலும்பு வந்தாப் போதும், கரைச்சுப்புடலாம். ஆத்தாளுக்கும் அதான். சாவிய எடுத்து மடியில வைங்க.”

மறுபடியும் ஓயாக்கரைக்குப் போனோம். மஞ்சள் துணியோடு விரலை வாழையிலையில் வைத்து நானே தூக்கினேன், இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. கரையில் வழக்கம்போல எல்லோரும் திரும்பி நிற்கப்போனார்கள். என்னால் தாங்க முடியவில்லை. “வேணாம், எல்லாரும் பாருங்க. கண்ணால பாத்துக்கங்க” என்றேன். பூசாரி தலையாட்டினார். என் அப்பா காலத்திலிருந்து இந்த மலையில் யாரும் ஆத்தா போவதைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். இனிமேல் எப்போதும் பார்ப்பார்கள், இனி ஒருவன் சொல்லை நம்பித் திரும்பி நிற்கிற ஜனம் இங்கே கிடையாது. ஆத்தாளை எடுத்துப் போனதைவிட நீ எங்களிடமிருந்து எடுத்துப் போனது அதுதான். மடுவில் விரல் கொஞ்ச நேரம் மிதந்தது, பலா மரமல்லவா, பிறகு சுழலுக்குள் போயிற்று. எல்லோரும் தலை முழுகினோம்.

உன் அம்மாவின் பட்டை நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை. கேட்டால் கிடைக்காது என்பது தெரியும். ஆசீர்வாதம் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நில். தலைவலி என்று வெளியே நிற்காதே. முந்தானை மூலையில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது, நீ சாகக் கிடந்தபோது அவள் விரலால் தடவியது. கேட்க வேண்டியதை அவளிடம் கேட்டுக்கொள். தருவாளா மாட்டாளா என்பது உங்கள் இருவர் பாடு.

இனிமேலும் அங்கே வருகிறவர்கள் கூரையில் இரண்டு விரலைப் பார்த்த கண்ணோடு வந்து, இவளுக்கு விரல் எங்கே என்று உன்னைத்தான் கேட்பார்கள். நல்லபடியாக விளக்கம் சொல்கிறவன் நீ. மழுப்பாதே, தொலைந்து போயிற்று என்று சொல்லாதே. என் அப்பாவிடம் இருந்தது, ஊரெல்லாம் பார்க்க ஓயாவில் விட்டுவிட்டார் என்று சொல். இந்தத் தடவை நிஜமாகவே விட்டாயிற்று என்றும் சொல்.

இப்படிக்கு,
அப்பா